ஒருத்தரும் இல்லை என்ற சாட்சி

நன்றி சொல்லும்போதுகூட மனிதர்கள் பொய் சொல்வார்கள். அதுவும் ஆலயத்துக்குள் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. என் காதாரக் கேட்டேன். சொன்னவர் வேறு யாருமில்லை, என் மாமியார்.

ஞானசௌந்தரி அத்தை பொய் சொல்லுகிற ஆளே இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாய் நீளம்தான். வெஞ்சனத்தில் உப்புக் கம்மியானால் என் பிறந்த வீடு வரைக்கும் போய்விட்டுத்தான் அந்தப் பேச்சு திரும்பும். ஆனால் பொய் கிடையாது. கடைக்காரர் மறதியாக ஒரு சோப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் அந்த வெயிலிலேயே திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷி. அப்பேர்ப்பட்டவரைப் பிடித்து உட்காரவைத்து, சொல்லிக்கொடுத்து, பொய் சொல்ல வைத்தார்கள். கேட்டால் கர்த்தருடைய மகிமைக்காக என்றார்கள். 

ஐப்பசி மழையில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் பாடு. திரும்பிப் படுக்க ஆள் வேண்டும், ஒன்றுக்குப் போக ஆள் வேண்டும், தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கிவிட ஆள் வேண்டும். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். என் வீட்டுக்காரர் ஜெயசீலன் லாரி ஓட்டுகிறார். வண்டி வடக்கே போனால் எப்போது திரும்பும் என்று வண்டிக்கே தெரியாது. எனக்கு வடமதுரை ரோட்டில் நூல் மில்லில் வேலை. விடிந்ததும் மில் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். லீவு முடிந்த பிறகும் வராமல் இருந்தால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு பெண்ணை ஆளாக வைத்தோம். அத்தையின் வாய்க்குப் பயந்து மறுநாளே அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அத்தைக்கு மூத்த மகன் ஒருவர் இருக்கிறார். தேவாசீர்வாதம், கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. அங்கே சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ஆபரேஷன் அன்றைக்கு வந்தார், மறுநாள் போனார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்து அம்மாவுக்காக ஜெபம் பண்ணுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரல் தழுதழுக்க, நல்ல ஜெபம்தான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் போனை வைத்துவிடுவார்.

எங்கள் சபையாரும் சும்மா இல்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அத்தையை ஜெபத்துல வச்சிருக்கோம்மா" என்றார்கள். ஜெபத்தில் வைத்தார்கள், சரி. படுக்கையிலிருந்து தூக்கி வைக்க யார் வந்தார்கள்?

பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் வந்தார்.

எங்கள் வீட்டுச் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்று. அவருடைய வீட்டுக்காரர் நூர் அகமது தோல் கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர் கமரக்கா. அதற்கு முன்னால் எங்களுக்குள் பெரிய ஒட்டு உறவு என்று சொல்ல முடியாது. ரம்ஜானுக்குக் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் போகும், அவ்வளவுதான். வேலைக்கு வைத்த அந்தப் பெண் ஓடிப்போன அன்றைக்குக் காலையில் நான் வேனுக்குப் போகாமல் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கமரக்கா பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை விசாரித்தார்.

"வேன் வந்துருச்சுல்ல, ஏறு. நான் பெரியம்மாவைப் பாத்துக்கிறேன்" என்றார்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும்க்கா."

"நாளைக்கு என்ன, பெரியம்மா எந்திரிச்சு ஓடவா போறாக. போ."

அன்றைக்கு ஆரம்பித்தது, பங்குனி வெயில் வரைக்கும் ஓடியது. மிஷினை வீட்டில் விட்டுவிட்டு, கொக்கி வைக்கிற வேலை, ஓரம் தைக்கிற வேலையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். படுக்கைப்புண் வராமல் நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைப்பார். முதல் நாள் தன்னைத் துடைத்துவிட அத்தை சம்மதிக்கவில்லை. வெட்கம். போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என் மருமக வரட்டும்" என்றாராம். "உங்க மருமக வர்றதுக்குள்ள நாத்தம் தெருமுனைக்குப் போயிரும். வாயை மூடிக்கிட்டுத் திரும்பிப் படுங்க பெரியம்மா" என்றாராம் கமரக்கா. எங்கள் அத்தையை வாயை மூடச் சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பகல் முழுக்கச் சண்டை, பகல் முழுக்கச் சிரிப்பு.

படுத்துக்கொண்டு அத்தையால் வேதப்புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. பெரிய எழுத்து, பெரிய கனம். கமரக்காதான் மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவார். "பாதிப் பேரு எங்க நபிமார் பேருதான் பெரியம்மா. உங்க தாவீது எங்களுக்குத் தாவூது" என்பார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் தைக்கிற நூலை அந்தப் பக்கத்திலேயே அடையாளமாக வைத்து மூடி, அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். சாயங்காலம் பெரியத்தான் வீடியோ காலில் வரும்போது போனை அத்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர்தான். அம்மாவின் முகத்துக்கு எதிரே அந்தப் போனைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பெரியத்தான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

புதன்கிழமை தோறும் சபையிலிருந்து பெண்கள் ஜெபக்குழு வரும். கிருபாவதி டீச்சர் தலைமையில் ஐந்தாறு பேர். ஒரு புதன்கிழமை மில்லில் கரண்ட் இல்லாமல் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து டீச்சர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். "ஏறெடுத்துப் பார்க்க ஒருவருமில்லாமல் கிடக்கிற இந்தத் தாயை நீர் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே" என்கிறார். அடுப்படியில் கமரக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர்களுக்கு டீ வடிகட்டிக்கொண்டு நிற்கிறார். ஆமென் சொன்ன வாயோடு எல்லோரும் அந்த டீயைக் குடித்தார்கள். ஒருத்தர் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று வேறு சொன்னார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் ஜெபத்தில் வருகிற வார்த்தைதானே, வாய்ப்பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் அத்தை எழுந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரைக்கும், பிறகு அடுப்படி வரைக்கும். கமரக்கா பின்னால் கையை விரித்துக்கொண்டே நடப்பார். அடுப்படிக்கு வந்து சேர்ந்த அன்று அத்தை வாக்கரைப் பிடித்தபடியே நின்று ஓவென்று அழுதார். "கர்த்தாவே, ஸ்தோத்திரம். கமரு, என்னைப் பிடிச்சுக்கடி" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். அந்த ஒரு வரிதான் சாட்சி. அதோடு விட்டிருக்கலாம்.

பெரியத்தானுக்குச் செய்தி போனது. உடனே போனில் திட்டம் போட்டார். ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை, முடிந்ததும் எல்லோருக்கும் அன்பின் விருந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை அம்மா எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அழைப்பிதழ்கூட அடித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். நன்றி சொல்ல வேண்டாமா? உப்பிட்டவரையே உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால் உயிரைக் கொடுத்தவரை எவ்வளவு நினைக்க வேண்டும்? நானே முதல் அழைப்பிதழைக் கமரக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நான் உள்ள வந்து உக்காரலாமா பியூலா? முக்காடோட?"

"நாங்களும்தான் முக்காடு போட்டு உக்காருவோம். யாரு கண்டுபிடிக்கப் போறா" என்றேன்.

அத்தை சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்குள்ளேயிருந்தே, "அவ வரலைன்னா நானும் போகல" என்று குரல் கொடுத்தார். கமரக்கா சிரித்துக்கொண்டே அழைப்பிதழைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை பெரியத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஆயரும் வீட்டுக்கு வந்தார். இளம் ஆயர், சாதுவான மனிதர், தப்பு சொல்ல முடியாது. "அம்மா, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க" என்றார். அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். விழுந்தது, ஆபரேஷன், படுக்கை. பிறகு, "கமருதான் என்னைத் தொடச்சு விட்டா. அவ கையால சாப்பிட்டேன். அவதான் வேதம் வாசிச்சுக் காட்டுனா" என்று சொல்லிக்கொண்டே போனார். முகமே மலர்ந்துவிட்டது.

ஆயர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா சாட்சியில மனுஷருக்கு மகிமை போயிரக் கூடாது. கேக்குறவங்க மனசு கர்த்தர்கிட்டதான் போகணும். பேரெல்லாம் வேண்டாமே."

"ஆமாம்மா" என்றார் பெரியத்தான். "அம்புட்டு வெவரம் எதுக்கு? மனுஷர் ஒருத்தரும் இல்லாத நேரத்துல கர்த்தர் தூக்கி எடுத்தாருன்னு சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

எங்கள் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு அச்சு உண்டு. நான் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு குழி. அப்புறம் கைவிட்ட மனுஷர். அப்புறம் கர்த்தர். நடுவில் யாராவது ஒருத்தர் கயிறு கொண்டு வந்திருந்தால் அவரை வெட்டி எறிந்துவிட வேண்டும். கர்த்தரை உயரமாகக் காட்டப் பக்கத்தில் நிற்கிறவர்களையெல்லாம் உட்காரவைக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கடுதாசி போட்டவருக்கு நன்றி சொல்றோம், சரி. அதைக் கொண்டாந்து குடுத்த தபால்காரரை ஆளே வரலைன்னு சொல்லலாமா?" என்றேன்.

"தபால்காரருக்கு யாரும் மேடையில மாலை போட மாட்டாங்க" என்றார் பெரியத்தான்.

"மாலை கேக்கல அத்தான். வரவே இல்லைன்னு சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்."

"பியூலா, இது சபைக் காரியம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வேற மதத்து ஆளு பேரை ஆலயத்துல சொன்னா நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கர்த்தரின் மகிமையும் இல்லை, மதமும் இல்லை. ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை. ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால், மூத்த மகன் எங்கே போனான் என்ற கேள்வி உடனே வரும். சபையார் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் வரும். அதற்காகத்தான் இந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதையும் அந்த அம்மாவின் கையாலேயே மறைக்கச் சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். மலைப்பாதையில் லோடு லாரியை அடக்குகிறவர், அண்ணனுக்கு முன்னால் மூச்சு விடமாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை மூத்த மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆயரைப் பார்த்தார். சபைக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாத தலைமுறை. மகன் வந்து உட்கார்ந்திருக்கிற சந்தோஷம் வேறு. "பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முனகினார். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. ஜெபம் பண்ணிவிட்டு ஆயர் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நானும் கமரக்காவும் உட்கார்ந்தோம். புதிதாக ஒரு சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அத்தைக்கு மதிய மாத்திரை, தண்ணீர் பாட்டில், வியர்த்தால் துடைக்க ஒரு துண்டு. விழாவுக்கு வருகிறவர்கள் பரிசோடு வருவார்கள். இவர் மாத்திரையோடு வந்திருந்தார்.

அத்தை வாக்கரோடு மைக்கை நோக்கி நடந்தார். கமரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவர் பிடி இறுகியது.

அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். "நான் படுத்த படுக்கையாக் கெடந்தேன். என்னை ஏறெடுத்துப் பாக்க மனுஷர் ஒருத்தரும் இல்ல. கையைப் பிடிச்சுத் தூக்க ஒருத்தரும் இல்ல. கர்த்தர் ஒருத்தரே என்னைத் தூக்குனாரு." சொல்லும்போது அழுதார். எதற்கு அழுதார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஆலயம் முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று குரல் எழும்பியது. பெரியத்தானின் குரல் முன்வரிசையிலிருந்து உரக்கக் கேட்டது.

கமரக்கா என் கையை விட்டார். மடியிலிருந்த பையை எடுத்து என் மடியில் வைத்தார். "மத்தியான மாத்திரை இதுல இருக்கு. சாப்பிட்ட பெறகு குடு" என்று காதோரம் சொன்னார். எழுந்து, யார் காலையும் மிதிக்காமல் வரிசையை விட்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டருகே பிடித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் பேரு எதுக்கு மைக்குல? எனக்கு அந்தக் கூலி வேண்டாம். நான் செஞ்சதை அல்லா பாத்தான், அது போதும்" என்றார். ரோட்டுப் பக்கம் திரும்பினார். "ஆனா ஒருத்தரும் இல்லேன்னு ஏன் பியூலா சொன்னாக? நான் இருந்தேன்ல."

வெயிலில் தனியாக நடந்து போனார். எனக்குப் பின்னால் ஆலயத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

விருந்துப் பந்தியில் பெரியத்தான் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தார். சிறுமலை வாழைப்பழம் எல்லோர் இலைக்கும் வந்ததா என்று பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "பக்கத்து வீட்டம்மா சாப்பிடாமப் போயிட்டாங்களாமே. ஒரு தூக்குல போட்டுக் குடுத்து விட்டுரு" என்றார்.

"ஆளே இல்லைன்னு மைக்கு வச்சு சொல்லியாச்சு. இல்லாத ஆளுக்கு எதுக்கு அத்தான் சோறு?" என்றேன். பந்தியில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சிவந்து, சாம்பார் வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கமரக்கா வரவில்லை. சண்டை போடவில்லை, வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பவில்லை, "மாத்திரை குடுத்தியா" என்றுகூடக் கேட்டார். ஆனால் படி ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அத்தை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேதப்புத்தகம் கட்டில் ஓரத்தில் மூடியே கிடந்தது. நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

நானும் சமாதானம் பேசவில்லை. எனக்கு அத்தை மேலும் கோபம் இருந்தது. பாதி மனது அவர் அழட்டும் என்றுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பாடு போடும்போது கேட்டேவிட்டேன். "ஏன் அத்தே, நீங்க படுத்துக் கெடந்தப்ப கர்த்தர் பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப அவரு பாத்திருப்பாருல்ல, யாரு உங்களைத் தொடச்சு விட்டான்னு. பாத்தவர்கிட்டயே போய் ஒருத்தரும் இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. அன்று என்னைத் திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை நான் மில்லில் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்தேன். ஜெபக்குழு வந்து உட்கார்ந்திருந்தது. கிருபாவதி டீச்சர், "உங்க சாட்சி ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சும்மா. எங்க வீட்டுல அழாத ஆளே இல்ல" என்றார்.

"அது சாட்சி இல்ல டீச்சர்" என்றார் அத்தை. வாக்கரை இழுத்து முன்னால் வைத்து எழுந்தார். "இன்னைக்கு ஜெபம் இங்க வேண்டாம். எல்லாரும் என்கூட வாங்க."

வாசலுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வாசற்படியை அவர் தானாக இறங்கியதே இல்லை. ஆராதனைக்குக்கூட மகன்கள்தான் தூக்கிக் காரில் வைத்தார்கள். நான் பிடிக்கப் போனேன். "பின்னால வா, பிடிக்காத" என்றார். வாக்கரைக் கீழே வைத்து, ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, தெருவில் இறங்கிவிட்டார். பின்னால் வேதப்புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெபக்குழு திருதிருவென்று விழித்துக்கொண்டு வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

கமரக்கா வீட்டு வாசல்படி உயரம். ஏற முடியாது. அத்தை கீழேயே நின்று, "கமரு" என்று கூப்பிட்டார். மிஷின் நின்றது. கமரக்கா கதவுக்கு வந்தார். வாக்கரையும் கூட்டத்தையும் பார்த்தார்.

அத்தை ஆலயத்தில் ஆரம்பித்தது மாதிரியே ஆரம்பித்தார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு சாட்சி சொல்லணும். ஞாயித்துக்கெழம அவரு சந்நிதியில நின்னு ஒருத்தரும் இல்லேன்னு சொன்னேன். பொய் சொன்னேன். நான் படுத்துக் கெடந்தப்ப எம் மூத்த மகன் கூட இல்ல. சின்னவனுக்கு ரோட்டுல பொழப்பு. மருமகளுக்கு மில்லு. சபையில இருந்து வந்தவங்க டீ குடிச்சிட்டுப் போனாங்க." இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இவ இருந்தா. என் பீயை அள்ளுனா. எனக்கு வேதம் வாசிச்சா. கர்த்தர் எனக்கு உதவி செஞ்சாரு, அது நெசம். இவளை வச்சுத்தான் செஞ்சாரு. இவ இல்லேன்னு சொன்னா, அவரு எதுவுமே செய்யலைன்னு சொன்ன மாதிரி. நன்றி சொல்லப் போயி அவரையே பொய்யாக்கிட்டு வந்துட்டேன்."

ஸ்தோத்திரம் சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. ஆலயத்தில் அன்றைக்கு எழும்பிய அத்தனை ஸ்தோத்திரமும் எங்கே போனதோ. கிருபாவதி டீச்சர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமரக்கா படியிறங்கி வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செருப்புப் போடாம வந்திருக்கீக. தெருவெல்லாம் கல்லு. இங்க விழுந்து வச்சா மறுபடியும் யாரு தூக்குறது?" என்று திட்டினார்.

"நீதான்" என்றார் அத்தை.

கமரக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெருவிலேயே போட்டு, அத்தையைப் பிடித்து உட்காரவைத்தார். "இருங்க, எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வாரேன்" என்று திரும்பினார். "நீங்க நில்லுங்க அக்கா" என்றேன் நான். ஜெபக்குழுவைப் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை, பார்க்க மட்டும் செய்தேன். கிருபாவதி டீச்சர் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் என் கையிலிருந்த அத்தையின் போன் அடித்தது. பெரியத்தான், வீடியோ காலில். தினமும் வருகிற நேரம்தான். அத்தை போனை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, வெளிய இருக்கீங்க?"

"சும்மா காத்தாட வந்தேன்ப்பா. நீ ஜெபம் பண்ணு."

பெரியத்தான் வழக்கம்போல் கண்ணை இறுக மூடினார். வழக்கம்போல் குரல் தழுதழுத்தது. "கைவிடாத தேவனே, மனுஷர் ஒருவரும் இல்லாத வேளையில் எங்கள் தாயைத் தூக்கி எடுத்தவரே" என்று ஆரம்பித்தார். அத்தை கண்ணை மூடவில்லை. பக்கத்தில் நின்ற கமரக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தார். போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஜெபம் முடிகிற வரைக்கும் அந்தக் கை ஆடவே இல்லை.

"ஆமென்" என்று பெரியத்தான் கண்ணைத் திறந்தார்.

"நல்லா இருக்கீகளாண்ணே?" என்றார் கமரக்கா.

பெரியத்தானின் பார்வை அங்கேயும் இங்கேயும் போனது. பிறகு ஜெபத்தைத் தொடரப் போகிறவர்போல மெதுவாகக் கண்ணை மூடப் பார்த்தார்.

"மூடாத" என்றார் அத்தை. "பாரு."